நாலு குதிரை, நாலு குட்டி, ஆறு லட்சம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன்.

“டாக்டர் ஐயா, எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. பதினைந்து வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வேலையை விட்டுவிட்டுக் குதிரைப் பண்ணை வைக்கலாம் என்று ஆசை. ஆடியில் அந்தியூர் சந்தையில் நாலு மார்வாரி பெட்டைக்குதிரை வாங்கலாம் என்று திட்டம். கையில் 12 லட்சம் இருக்கிறது. மேய்ச்சல் இருப்பதால் ஒரு குதிரைக்குத் தீவனச் செலவு நாளைக்கு 200 ரூபாய்தான் ஆகும். ஒரு ஆளுக்கு மாதம் 15,000. வருடத்துக்கு நாலு குட்டி, குட்டி ஒன்றரை லட்சம் என்றால் ஆறு லட்சம் வருகிறது. ஆண் குதிரை ஒன்றையும் வைத்துக்கொண்டால் சேர்க்கைக் கட்டணமும் வரும். புஷ்கர் சந்தையில் குதிரை கோடிக்கணக்கில் போவதாக வீடியோ பார்க்கிறேன். உண்மையில் இதில் லாபம் வருமா? எதைக் கவனித்தால் வரும்?”

தம்பி,

எனக்கு வரும் கடிதங்களில் பாதி ‘குதிரை வளர்த்தால் லாபமா’ என்ற ஒற்றை வரிதான். நீங்கள் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், அதற்காகவே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம், என்னுடையது எதையும் திணிக்கவில்லை.

நாலு குதிரைக்குத் தீவனம் வருடத்துக்கு 2,92,000. ஆள் சம்பளம் 1,80,000. மொத்தம் 4,72,000. வரவு ஆறு லட்சம். மிச்சம் 1,28,000. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாடம், குடற்புழு மருந்து, தடுப்பூசி, ஸ்கேன், டாக்டர் செலவு எதுவும் இதில் இல்லை. குதிரைக்கு வருடம் 15,000 என்று மிகவும் இழுத்துப்பிடித்துப் போட்டாலும் அறுபதாயிரம் ஆகிறது. செலவு 5,32,000 ஆகிவிட்டது. இது சின்ன ஓட்டைதான்.

பெரிய ஓட்டை ‘வருடத்துக்கு நாலு குட்டி’ என்பது. குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். வருடத்தில் மீதி இருப்பது 25 நாள். குட்டி ஈன்ற 25 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தால்தான் வருடம் ஒரு குட்டி கிடைக்கும். ஈன்ற ஒரு வாரம் பத்து நாளில் ஒரு சூடு (இணை சேரும் பருவம்) வரும், உண்மைதான். ஆனால் அப்போது கருப்பை முழுதாகத் தேறியிருக்காது, பிடிப்பது குறைவு, பிடித்தாலும் தங்குவது குறைவு. அதை விட்டால் அடுத்த சூடு ஈன்ற முப்பதாம் நாள் வாக்கில். வருடக் கணக்கு அங்கேயே நழுவிவிட்டது. அதற்கு மேல் கலைவது இருக்கிறது, பிறந்த குட்டி சாவது இருக்கிறது. தினமும் ஸ்கேன், ராத்திரி காவலுக்குத் தனி ஆள் என்று நடத்தும் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) பண்ணைகளில்கூட, சேர்த்த நூறு குதிரைக்கு எழுபது எண்பது குட்டி உயிரோடு கிடைத்தால் நல்ல வருடம். நம் தோட்டத்தில் ஒரு குதிரைக்கு மூன்று வருடத்தில் இரண்டு குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு குதிரைக்கு வருடத்துக்கு இரண்டரை சொச்சம்.

5,32,000-ஐ இரண்டரையால் வகுத்தால் 2,12,800 வருகிறது. குட்டி தரையில் விழுகிற அன்றைக்கே அதன் அடக்கவிலை அவ்வளவு. நீங்கள் விற்க நினைப்பது ஒன்றரை லட்சத்துக்கு.

இன்னொன்று, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை: முதல் ரூபாய் எப்போது கைக்கு வரும்? ஆடியில் வாங்குகிறீர்கள். புது இடம், புதுத் தண்ணீர், உடம்பு தேற வேண்டும். நம் ஊரில் பகல் நீளம் பெரிதாக மாறாது. அதனால் வடக்கே போல இல்லாமல் பல குதிரைகள் வருடம் முழுக்கச் சூட்டுக்கு வரும். இருந்தாலும் மாசியில் சேர்ப்பதுதான் என் வழக்கம். மாசியில் சேர்த்தால் அடுத்த தையில் குட்டி, மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பால் மறக்கடிக்க ஆறு மாதம். ஆக, வாங்கிய ஆடியிலிருந்து சரியாக இரண்டு ஆடி தாண்டித்தான் முதல் குட்டியை விற்பீர்கள். அந்த இரண்டு வருடச் செலவு 10,64,000. கையில் இருப்பது 12 லட்சம். மீதி ஒரு லட்சத்துச் சொச்சத்தில் நாலு குதிரையும் வாங்கி லாயமும் கட்ட வேண்டும்.

சரி, அப்படியானால் யார்தான் இதில் சம்பாதிக்கிறார்கள்?

புனேயில் பூனாவாலா குடும்பம் 1946-ல் பந்தயக் குதிரைப் பண்ணை தொடங்கியது. வேலைக்கு ஆகாத குதிரைகள் மும்பையில் ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே குதிரையின் ரத்தத்திலிருந்து எதிர்ச்சீரம் எடுப்பார்கள். குதிரை நம்முடையது, சீரத்தையும் நாமே எடுத்தால் என்ன என்று சைரஸ் பூனாவாலாவுக்குத் தோன்றியது. 1966-ல் சீரம் இன்ஸ்டிடியூட் வந்தது. மீதி உங்களுக்கே தெரியும், கொரோனா ஊசி போட்டுக்கொண்ட பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். குதிரைப் பண்ணையிலிருந்து கிளம்பிய அவ்வளவு பெரிய சொத்து குட்டி விற்று வந்ததில்லை. உங்களை ஊசி மருந்துக் கம்பெனி ஆரம்பிக்கச் சொல்லவில்லை. குதிரையை யாருக்கு, எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பந்தயக் குதிரையை நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் வேண்டாம் என்பேன். தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பதிவு கிடையாது, நேரடிச் சேர்க்கை மட்டும்தான். அதனால் நல்ல பரம்பரை உள்ள பொலிகுதிரை, அதாவது இனவிருத்திக்கான ஆண் குதிரை, வைத்திருப்பவர் கையில்தான் பணம் சேரும். ஒரு பருவத்தில் நூறு பெட்டைக்குச் சேர்ப்பவை உண்டு. நம் பக்கம் பந்தயமே ஆட்டம் கண்டிருக்கிறது. 2024-ல் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பந்தயப் பணத்தின் மேல் ஜி.எஸ்.டி. 2023 அக்டோபரில் 28 சதவீதம், 2025 செப்டம்பரில் 40 சதவீதம். மேலே பணம் வற்றினால் கீழே குட்டிக்கு விலை வராது.

மார்வாரி, கத்தியவாரி ஆகிய நாட்டு இனங்கள் பக்கம் வருவோம். புஷ்கரில் கோடி ரூபாய்க் குதிரை என்று வருடா வருடம் செய்தி வரும். அது பெரும்பாலும் கேட்கிற விலை. கொடுத்த விலை வேறு. அந்தக் குதிரைக்காரர் விற்க வருவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். பெயர் பரவப் பரவ அவருடைய பொலிகுதிரைக்குச் சேர்க்கைக் கட்டணம் ஏறும். வீடியோ எடுத்துப் போட்டவர்கள் அவருக்கு இலவச விளம்பரம் செய்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் ஆறே கால் லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ல் மூன்று லட்சத்து நாற்பதாயிரமாகக் குறைந்துவிட்டன. சுமை இழுத்த குதிரைகள் போயின. ஆசைக்கும் அலங்காரத்துக்கும் விளையாட்டுக்கும் வளர்ப்பவை நிற்கின்றன. உங்கள் சந்தை அதுதான்.

அந்தச் சந்தையில் நம் ஊரில் வாங்குகிறவர்கள் யார்? கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்களுக்கு வெள்ளைக் குதிரை வேண்டும், வெடிச்சத்தத்துக்கு மிரளக் கூடாது. ரேக்ளா ஓட்டுகிறவர்களுக்கு நிறமும் வேண்டாம், பரம்பரையும் வேண்டாம், கால் வேகம் வேண்டும். அவர்கள் குட்டியை வாங்க மாட்டார்கள், ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஊட்டி, கொடைக்கானல் சவாரிக்குச் சின்ன, விலை குறைந்த குதிரை போதும். பணக்கார வீடுகளில் ஆசைக்கு வாங்குகிறவர்கள் உயரமும் காதும் பார்ப்பார்கள். அப்புறம் குதிரையேற்றப் பள்ளிகள். கோவையிலும் சென்னை ஈசிஆரிலும் இவை கூடிக்கொண்டே வருகின்றன. இவர்களுக்குத் தேவை ஐந்து வயதுக்கு மேல், பத்து வயதுப் பிள்ளையை ஏற்றினாலும் அமைதியாக நடக்கும், காயடித்த ஆண் குதிரை. இது சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. நம் ஆட்கள் காயடிக்க மாட்டார்கள். காயடித்தால் குதிரையின் மதிப்பே போய்விட்டதாக நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பத்து ஆண் குட்டியில் ஒன்பது பொலிகுதிரையாகத் தகுதி இல்லாதவை. மூன்று வயதில் அவை கடிக்கும், உதைக்கும், பெட்டையைப் பார்த்தால் கயிற்றை அறுக்கும். எந்தப் பள்ளியும் வாங்காது. ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் காயடித்து, நாலு வயது வரை பொறுமையாகப் பழக்கினால் அதே குட்டிக்கு ஆள் தேடி வருவார்கள்.

இங்கே மறுபடி கணக்கு. பால் மறந்த குட்டியை மூன்று வயது வரை வைத்தால் நாளைக்கு 200 வீதம் இரண்டரை வருடத்துக்கு 1,82,500. பிறந்த அன்றைய அடக்கவிலையோடு சேர்த்தால் நாலு லட்சத்துக்குப் பக்கம். கால் கோணிய குட்டிக்கும் இதே நாலு லட்சம், அம்சமான குட்டிக்கும் இதே நாலு லட்சம். இரண்டும் ஒரே அளவுதான் தின்னும். ஆகவே நாலு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்க ஆள் இருக்கிற மாதிரியான குட்டி மட்டுமே பிறக்க வேண்டும். அது சேர்க்கைக்கு முன்னால் முடிவாகிற விஷயம். அதில் பெரும்பகுதி தாய் கையில்.

தாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு இங்கேதான் போகிறது. சந்தையில் விற்பனைக்கு வரும் பெட்டைகளில் நல்ல தாய் அரிது. ஒழுங்காகக் குட்டி கொடுக்கும் குதிரையை யார் விற்பார்கள்? வருவதில் பல ஊர்வலத்தில் ஆடி ஆடிக் குளம்பு போனவை, அல்லது மூன்று நாலு தடவை சேர்த்தும் பிடிக்காதவை. பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள், ராவிவிட்ட பல்லும் உண்டு. பதினாலு வயதாகி ஒரு குட்டியும் ஈனாத குதிரை எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். அந்த வயதில் முதல் சினை பிடிப்பது கஷ்டம். ‘நிறைசினை’ என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள், புல் வயிறும் அப்படித்தான் தொங்கும். ஸ்கேன் கருவியோடு டாக்டரைக் கூட்டிப்போய்க் கருப்பையையும் சினையையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். விற்கிறவர் ஸ்கேனுக்குச் சம்மதிக்கவில்லையா, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

நான் வாங்கச் சொல்வது, காலடியில் குட்டி நிற்கிற தாயைத்தான். அவள் ஈனுவாள், பால் கொடுப்பாள், எப்படிப்பட்ட குட்டி போடுவாள் என்று மூன்றும் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. விலை கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு வருடம் மிச்சம். முன்னங்கால் நேராக இருக்கிறதா, நடக்கும்போது குளம்பு உள்ளே திரும்புகிறதா என்று பாருங்கள். சாதுவானவளா என்று பாருங்கள், ஏனென்றால் ஆறு மாதம் குட்டி அவளைப் பார்த்துத்தான் மனிதர்களிடம் எப்படி இருப்பது என்று கற்றுக்கொள்கிறது. மார்வாரி என்றால் காது நுனி உள்வளைந்து ஒன்றையொன்று நோக்க வேண்டும். ஆனால் காதை மட்டும் பார்த்து இனம் முடிவு செய்யாதீர்கள். கலப்புக் குதிரைக்கும் காது வளையும். இனப்பதிவும் மைக்ரோசிப்பும் உள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த குட்டியை வடக்கே இருக்கிறவனும் போனில் கேட்டு வாங்குவான். பதிவில்லாத குட்டிக்கு உங்கள் ஊர் விலைதான். சுழியில் (உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வது) எனக்கு நம்பிக்கை இல்லை. வாங்க வருகிறவருக்கு இருக்கிறது. அதனால் சுழி தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூட்டிப்போங்கள், டாக்டருக்கு அடுத்தபடியாக.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற குதிரைகளில் பல, பிறக்கும்போது கறுப்பாகவோ செம்பட்டையாகவோ இருந்து வருடக்கணக்கில் நரைத்தவை. அந்த நரை ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் குட்டிகளில் பாதிக்குத்தான் போகும். ஆறு மாதத்தில் கறுப்பாக நிற்கும் குட்டிக்கு வெள்ளைக் குதிரை விலை யாரும் தர மாட்டார்கள். பிறந்தது முதலே வெள்ளையாக, தோலும் இளஞ்சிவப்பாக இருப்பதை நுக்ரா என்பார்கள். கல்யாணக்காரர்கள் கேட்பது அதைத்தான்.

ஆண் குதிரை வாங்குவதை மறந்துவிடுங்கள். நாலு பெட்டைக்காக ஒரு பொலிகுதிரையை வருடம் 365 நாளும் தீனி போட்டு வைப்பது, மாதம் ஒரு தடவை ஊருக்குப் போக லாரி வாங்கிய கதை. சேர்க்கைக் கட்டணம் வரும் என்கிறீர்கள். தெரியாத குதிரைக்கு யார் கட்டணம் கொடுப்பார்கள்? நல்ல பொலிகுதிரை இருக்கும் இடத்துக்குப் பெட்டையைக் கொண்டுபோங்கள். ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உறைவிந்து முறையிலும் வேலை செய்கிறது. 2023 மே மாதம் அதன் பிகானேர் வளாகத்தில் கரு மாற்று முறையில் மார்வாரிக் குட்டி ஒன்று பிறந்தது. ‘ராஜ் பிரதம்’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல தாயின் கருவை வேறொரு சாதாரணப் பெட்டை சுமந்தால், அந்தத் தாயிடமிருந்து வருடம் ஒன்றுக்கு மேல் குட்டி எடுக்கலாம். நான் மேலே சொன்ன 25 நாள் தலைவலிக்கு அது மருந்து. ஆனால் உங்கள் தோட்டத்துக்கு வர இன்னும் நாளாகும்.

அடுத்து உங்கள் நிலம். கொறங்காடு என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். கொழுக்கட்டைப்புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி. காங்கேயம் காளையை வளர்த்த மண். ஆனால் மாட்டுக்கு ஆனதெல்லாம் குதிரைக்கு ஆகாது. கொழுக்கட்டைப்புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு இருக்கிறது. கோ-4, சூப்பர் நேப்பியர் ஆகிய தீவனப்புல் வகைகளிலும் இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்குப் பெருவயிறு கிடையாது. ஆக்சலேட், புல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்பிடித்து லத்தியோடு வெளியே கொண்டுபோய்விடும். நம் ஆட்கள் அதன் மேல் தவிட்டை வேறு அள்ளிப் போடுவார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு சொற்பம். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்ததும் உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். சினைக்குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் இது ஆகவே ஆகாது. முதலில் காரணம் தெரியாத நொண்டல். அப்புறம் முகத்து எலும்பு இருபக்கமும் உப்பும். காலில் அடிபட்டது என்று ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துவிட்டு என்னிடம் கொண்டுவருவார்கள்.

பதிமூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்குவதைப் பார்த்தார். இங்கே நல்ல ஆண் குதிரையை நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஏறிப்போக லாயக்கில்லாத குட்டிதான் பிறக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். குதிரைக்குச் சோறு சமைத்துப் போட்டதையும் சொல்கிறார். கால் கோணியதற்குச் சுண்ணாம்புக் குறைதான் காரணமோ என்பது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை. ஆனால் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் அப்படிப்பட்ட குட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அவற்றின் தாய்களுக்குத் தவிட்டை நிறுத்திச் சுண்ணாம்புச் சத்து கொடுத்ததும் அடுத்த சினையில் பிறந்தவை நேராக நின்றன.

என்ன செய்யலாம்? அரை ஏக்கர் தண்ணீர் வசதியோடு குதிரைமசால் போடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். சுண்ணாம்புச் சத்து நிறைந்த தீவனம் அது. தாது உப்புக் கலவையில் எவ்வளவு சேர்ப்பது என்று உங்கள் கால்நடை மருத்துவர் குதிரையின் எடையைப் பார்த்துச் சொல்வார். தவிட்டைக் கைப்பிடிக்குக் குறையுங்கள். காய்ந்த சோளத்தட்டு பரவாயில்லை. பச்சைச் சோளமும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பும் வேண்டாம், குதிரைக்கு மூத்திரப்பையும் பின்னங்காலும் செயலிழந்துவிடும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூளையைக் கரைக்கும், அந்த மூட்டையைக் கோழிக்கும் போடாதீர்கள். இவ்வளவும் சேர்ந்தால் 200 ரூபாய் எங்கே நிற்கும் என்று நீங்களே பாருங்கள். நான் தர்க்கத்துக்காகத்தான் அந்த எண்ணை ஒப்புக்கொண்டேன்.

சேர்த்த பதினாலு பதினைந்தாம் நாள் ஸ்கேன் கட்டாயம். குதிரைக்கு இரட்டைக் கரு அடிக்கடி பிடிக்கும், ஆனால் இரண்டைச் சுமக்கும் கருப்பை அதற்கு இல்லை. பதினாறாம் நாளுக்குள் பார்த்தால் ஒன்றைக் கையாலேயே நசுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம். அதற்குப் பிறகு கரு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும், வேலை கடினம். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். எனக்கே சொந்தமாக ஒரு பெட்டை இருந்தபோது, ஊருக்கெல்லாம் ஸ்கேன் பார்த்துவிட்டு அவளுக்குப் பார்க்க நாளில்லை. எட்டாம் மாதம் இரண்டு குட்டிகளும் செத்து விழுந்தன. அந்த வருடத்துத் தீவனம், ஆள் கூலி, சேர்க்கைச் செலவு எல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று.

ஈனும் ராத்திரி நீங்கள் லாயத்தில் இருக்க வேண்டும். அநேகமாக நடுச்சாமத்துக்கு மேல்தான் ஈனும். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். எதாவது ஒன்று தவறினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். சீம்பால் முதல் சில மணி நேரத்திலேயே உள்ளே போகவில்லை என்றால் அந்தக் குட்டிக்கு நோய் எதிர்ப்பே கிடையாது. இரண்டு லட்ச ரூபாய் அடக்கவிலை அந்த நாலைந்து மணி நேரத்தில்தான் நிற்கிறது அல்லது சாய்கிறது.

நோய்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சர்ரா, ஈ கடித்துப் பரவுவது, பக்கத்துத் தோட்டத்து மாட்டிலிருந்தும் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கால் வீக்கம், தின்றும் இளைப்பது என்றால் ரத்தம் பாருங்கள். மற்றது கிளாண்டர்ஸ். மனிதருக்கும் தொற்றும், உயிரை எடுக்கும். உறுதியானால் குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும், சட்டமும் அப்படித்தான். வாங்கும் குதிரைக்குக் கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று கேளுங்கள். சந்தையிலிருந்து வந்த குதிரையை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். டெட்டனஸ் ஊசி முதல் நாளே.

மானியம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். மூலதனத்தில் 50 சதவீதம், 50 லட்சம் வரை. லாயத்துக்கும் குதிரைக்கும் உதவும். தீவனத்துக்கும் ஆள் சம்பளத்துக்கும் உதவாது. உங்கள் கணக்கு இடிக்கிற இடம் தீவனத்தில் இருக்கிறது, மானியம் அங்கே எட்டாது. மானியம் கிடைக்கிறதே என்று நாலு குதிரையைப் பத்தாக்கினால் நஷ்டமும் பத்தாகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வேலையை இப்போது விட மாட்டேன். குட்டியோடு ஒரே ஒரு நல்ல தாயை வாங்குவேன், முடிந்தால் மறுசினை உறுதியானவளாக. திருப்பூரிலும் கோவையிலும் குதிரை ஆசை உள்ள, கட்ட இடமில்லாத முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருடைய குதிரையை மாத வாடகைக்கு என் கொறங்காட்டில் பராமரிப்பேன். அந்தப் பணத்தில் ஆள் சம்பளம் ஓடிவிடும். ஆளுக்கும் எனக்கும் கை பழகும். லத்தியைத் தென்னந்தோப்புக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் ஆண் குட்டியைக் காயடித்து, நாலு வயது வரை பழக்கி, ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குக் கொடுப்பேன். பெட்டைக் குட்டி என்றால் தாயைவிட நன்றாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் பால் மறந்ததும் விற்றுவிடுவேன், ஒரு நாள் கூடுதலாகத் தீனி போட மாட்டேன்.

வரும் ஆடியில் அந்தியூருக்கு, குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு, கட்டாயம் போங்கள். சந்தை நடக்கும் அத்தனை நாளும் இருங்கள். ஆனால் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விற்கிறவர்கள் பக்கம் நிற்காமல் வாங்குகிறவர்கள் பக்கம் நின்று பாருங்கள். எந்தக் குதிரைக்கு எவ்வளவு கேட்டார்கள் என்பதை விடுங்கள், எவ்வளவுக்குக் கைமாறியது, வாங்கியவர் எதற்காக வாங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்னும் நாலு வருடம் கழித்து உங்கள் குட்டியை நாலு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கக்கூடிய மூன்று பேரின் பெயரும் ஊரும் அந்த நோட்டில் சேர்ந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் குதிரை வாங்கலாம் என்று அப்புறம் பேசுவோம்.